மூங்கில் வளைந்த கதை

மரண வாயிலில் நின்ற மனிதர் ஒருவர், மருத்துவர்களைச் சற்றுப் பொறுக்கச் சொல்லிவிட்டு, ஒரு காகிதத்தைக் கொண்டுவரச் சொன்னார்.

நாள், 1975 செப்டம்பர் 20. இடம், பெய்ஜிங்கில் ஒரு மருத்துவமனை. அவருக்கு வயது எழுபத்தேழு. புற்றுநோய் அவர் உடலை உருக்கி எலும்புக் கூடாக்கிவிட்டிருந்தது. அறுவைக் கூடத்தின் கதவு திறந்திருக்கிறது. கத்தியுடன் மருத்துவர்கள் காத்திருக்கின்றனர். உள்ளே போனவர் உயிரோடு வெளியே வருவாரா என்பது எவருக்கும் தெரியாது. அந்த நேரத்தில் மனைவியை அழைத்து விடைபெறத் தோன்றும். பழைய நண்பர்களைப் பார்க்கத் தோன்றும். இவரோ காகிதம் கேட்டார்! வரிவரியாகப் படித்தார். நடுங்கும் கரத்தால் கையெழுத்திட்டார். தேதியைக் குறித்தார், அறுவைக் கூடத்துக்குள் நுழையும் முன் எழுதியது என்பதையும் சேர்த்துக் குறித்தார். பிறகுதான் வண்டி உருண்டது. உருளும் வண்டியில் கிடந்தபடியே, தான் கட்சிக்கு உண்மையாய் இருந்தவன், காட்டிக் கொடுத்தவன் அல்லன் என்று உரத்த குரலில் சொல்லிக்கொண்டே உள்ளே போனார்.

யார் இவர்? குற்றக் கூண்டில் ஏறியவரா? தலைமறைவாய் இருந்து பிடிபட்டவரா?

இல்லை தோழர்களே! சீனத்தின் பிரதமர்! இருபத்தாறு ஆண்டுகளாகப் பிரதமர்! அமெரிக்கக் குடியரசுத் தலைவரைத் தன் வாயிலுக்கு வரவழைத்தவர். பாண்டுங் மாநாட்டில் ஆசிய ஆப்பிரிக்கத் தலைவர்களைத் தன் பக்கம் திரும்பிப் பார்க்க வைத்தவர். நம் பழைய ஏடுகள் சௌ-என்-லாய் என்று அச்சிட்ட அதே சூ என்லாய்!

அப்படிப்பட்டவர், சாவின் விளிம்பில், யாருக்காகத் தம் நேர்மைக்குச் சான்று எழுதி வைத்தார்? பகைவருக்காகவா? பகைவர் என்றோ தைவான் தீவுக்கு ஓடிவிட்டனர். தம் தோழர்களுக்காக! தாம் உழைத்து வளர்த்த கட்சிக்காக! அந்தக் காகிதத்தின் கதையைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன் அவர் கதையைக் கேளுங்கள்.

1898 மார்ச் 5 அன்று கியாங்சு மாநிலத்து ஹுவாய்ஆன் நகரில் பிறந்தார் சூ. வீடு பெரிது, வருமானம் சிறிது. பெயர் பழையது, கடன் புதியது. முன்னோர்கள் ஷாவ்சிங் ஊரினர். சீனமெங்கும் அரசு அலுவலர்களுக்கு எழுத்தராகவும் ஆலோசகராகவும் ஆள் அனுப்பியே புகழ்பெற்ற ஊர் அது. மேசைக்குப் பின்னே அமர்ந்து ஆள்பவன் ஒருவன். அவன் காதருகே நின்று, ஆணையை எழுதித் தருபவன் ஷாவ்சிங் ஊர்க்காரன். பரம்பரைக் குணம் என்பதை நான் நம்புகிறவன் அல்லன். ஆனாலும் இந்த ஊர்ப் பெயரைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது உண்மை.

கைக்குழந்தையாக இருக்கும்போதே, நோயில் கிடந்த சிற்றப்பனுக்குச் சுவீகாரமாகக் கொடுக்கப்பட்டார். சிற்றப்பன் இறந்தார். பதினொரு வயது நிரம்புவதற்குள் பெற்ற தாயும் வளர்த்த தாயும் அடுத்தடுத்து இறந்தனர். வீட்டில் எதை அடகு வைப்பது, எவரிடம் தவணை கேட்பது என்பதைச் சிறுவன் சூவே பார்த்துக்கொள்ள வேண்டியதாயிற்று. பிறகு மஞ்சூரியாவிலிருந்த பெரியப்பா அழைத்துச் சென்று படிக்கவைத்தார். 1913இல் தியன்சின் நகரத்து நான்காய் பள்ளி. சம்பளம் கட்டப் பணமின்றிப் படியெடுத்துக் கொடுத்துச் சம்பாதித்தார். அங்கே நாடகமும் ஆடினார். ஆண்கள் பள்ளி, பெண் வேடத்துக்கு ஆள் வேண்டும், அழகான முகம் சூவுக்கு. அரங்கேறினார், கைதட்டல் பெற்றார். எந்த மேடையில் எந்த முகம் காட்டவேண்டும் என்பதை அவர் அங்கேதான் கற்றார் என்று எழுதுவோர் உண்டு. மேடையறிந்த நமக்கு அது வசையாகப் படாது!

ஜப்பான் சென்றார், படிப்பு அமையவில்லை. 1919இல் திரும்பினார். அந்த ஆண்டு மே மாதம் சீன மாணவர் உலகம் கொதித்தெழுந்த காலம். தியன்சினில் ஆணும் பெண்ணுமாக இளைஞர் சிலர் விழிப்புச் சங்கம் ஒன்றை நிறுவினர். பெயர்களை மறைக்கச் சீட்டுப் போட்டு எண் எடுத்தனர். சூவுக்கு வந்தது ஐந்து. ஐந்தாம் எண் என்று பொருள்படும் ஒலியிலேயே ஊ ஹாவ் என்று புனைபெயர் வைத்துக்கொண்டார். இந்தப் பெயரை நினைவில் வையுங்கள். தெங் யிங்சாவ் என்ற பெண்ணுக்கு வந்தது ஒன்று. 1925இல் அவரே சூவின் வாழ்க்கைத் துணைவியானார். அவர்கள் பெற்று வளர்த்த பிள்ளைகள் இல்லை. எடுத்து வளர்த்த பிள்ளைகள் உண்டு.

1920இல் ஆறு மாதம் சிறை. வெளியே வந்ததும் பிரான்சுக்குக் கப்பல். அங்கே பொதுவுடைமையாளரானார். 1924இல் திரும்பியபோது, வாம்போவா ராணுவப் பள்ளியின் அரசியல் பிரிவுக்குத் தலைவர். பள்ளியின் தலைவர் யார் தெரியுமா? சியாங் கை ஷேக்! பின்னாளில் இவர் தலைக்கு விலை வைத்தவர்!

1927 மார்ச் மாதம். ஷாங்காய். ஆலைச் சங்கு ஊதியும் ஆள் உள்ளே போகவில்லை. இலட்சக்கணக்கான தொழிலாளர் வேலை நிறுத்தம். டிராம் நின்றது, துறைமுகம் நின்றது, நூற்பாலை நின்றது. ஏற்கனவே இரண்டு முறை எழுந்து, இரத்தம் சிந்தி வீழ்ந்த தொழிலாளர்கள் மூன்றாம் முறையாக எழுந்தனர். துப்பாக்கி சிலவே, துணிவு மிகுதி. நடத்தியவர்களில் முன் நின்றவர் இருபத்தொன்பது வயது சூ. நகரம் தொழிலாளர் கைக்கு வந்தது. சியாங்கின் படைக்குக் கதவைத் திறந்து வைத்துக் காத்திருந்தனர், நண்பன் வருகிறான் என்று! நண்பன் வந்தான். ஏப்ரல் 12 விடியற்காலையில் அதே தொழிலாளர்களைச் சுட்டுக் கொன்றான். தெருவில் தலைகள் உருண்டன. சூ பிடியில் அகப்பட்டுத் தப்பினார்.

அதன் பின் வந்த தலைமறைவுக் காலம் அவரையும் கல்லாக்கியது. மறைக்கமாட்டேன். கட்சியின் ஒற்றர் படையை நடத்தியவர்களில் ஒருவனான கு ஷுன்சாங், 1931இல் பிடிபட்டு எல்லாவற்றையும் கக்கிவிட்டான். ஷாங்காயிலிருந்த தலைவர்கள் மயிரிழையில் தப்பினர். பிறகு அவன் குடும்பத்தார் பலர் கொன்று புதைக்கப்பட்டனர். துரோகம் செய்தவன் ஒருவன். மாண்டவர்கள் அவன் வீட்டார். அந்த ஆணையைச் சூவின் பெயரோடு சேர்த்தே வரலாற்றாளர் எழுதுகின்றனர். பின்னாளில் உலகம் மயங்கிய அந்தப் புன்னகைக்குப் பின்னே இதுவும் இருந்தது.

இப்போது மாவோ வருகிறார்.

கியாங்சி மலைப்பகுதியில் மாவோ படை நடத்திக்கொண்டிருந்தார். 1931 இறுதியில் சூ அங்கே போய்ச் சேர்ந்தபோது, கட்சியில் சூவே பெரியவர், மாவோ சிறியவர். 1932இல் நிங்து என்ற ஊரில் கூடிய கூட்டம் மாவோவைப் படைப் பொறுப்பிலிருந்து விலக்கியது. அந்தப் பொறுப்பு சென்றது சூவிடம். பதவியைப் பறித்தவர்களையும் பதவியைப் பெற்றவரையும் மாவோ மறக்கவில்லை. அவர் எதையும் மறக்கிற மனிதரல்லர்.

1934இல் நெடும்பயணம் தொடங்கிற்று. சியாங்கின் முற்றுகையில் படை தேய்ந்தது. 1935 சனவரியில் சுன்யி நகரில் கூடி, யார் செய்த பிழை என்று கேட்டனர். இராணுவத் தலைமையில் இருந்தவர்களில் ஒருவர் சூ. எழுந்தார். பிழை என்னுடையது என்று ஒப்புக்கொண்டார். மாவோ சொல்வதே சரி என்றார். தலைமை மாவோவின் பக்கம் நகர்ந்தது.

பெருந்தன்மை! ஐயமில்லை. தன் பதவியைவிட இயக்கம் பெரிது என்று நினைத்தவரின் செயல். நம் ஊரில் ஒரு வார்டுக்குப் போட்டியிட இடம் கிடைக்காவிட்டால் கொடிக்கம்பத்தையே பிடுங்குவோர் இருக்கிறார்கள்! ஆனால் அன்று குனிந்த தலை, மாவோவுக்கு எதிரே மறுபடி நிமிரவே இல்லை. 1943இல் யெனானில் நாள் கணக்கில் நின்று தம்மைத் தாமே கண்டித்துக்கொண்டார். நிங்துவுக்காகத் திரும்பத் திரும்ப வருந்தினார். ஒருமுறை கட்டிய கடனுக்கு வாழ்நாளெல்லாம் வட்டி!

இடையே 1936 டிசம்பரில் நடந்த ஒன்றைச் சொல்லாமல் போகக்கூடாது. சியாங் கை ஷேக்கை அவருடைய தளபதியே சியான் நகரில் சிறைப்பிடித்துவிட்டார். ஷாங்காயில் தோழர்களைக் கொன்றவன் கைக்கு எட்டும் தூரத்தில்! கொன்றுவிடலாம். கைதட்டுவோர் ஆயிரம் பேர். விமானத்தில் பறந்து சென்ற சூ, கொலை பேசவில்லை. ஜப்பானியனை எதிர்க்கச் சேர்ந்து நிற்பதைப் பேசினார். சியாங் உயிரோடு திரும்பினார். பழியைவிடப் பயன் பெரிது என்று கணக்கிட்ட அந்த மூளைதான், பின்னாளில் புதிய சீனத்தின் வெளியுறவுக் கொள்கையாயிற்று.

1949இல் ஆட்சி. பிரதமரும் அவரே, வெளியுறவு அமைச்சரும் அவரே.

மறு ஆண்டே கொரியப் போர். அமெரிக்கப் படை வடக்கே ஏறி வருகிறது. 1950 அக்டோபர் 3 விடியுமுன், பெய்ஜிங்கிலிருந்த இந்தியத் தூதர் கே.எம். பணிக்கரைத் தூக்கத்திலிருந்து எழுப்பி அழைத்து, எல்லை தாண்டினால் சீனம் வாளாவிராது என்பதைச் சூ தெரிவித்தார். செய்தி டில்லி வழியே வாஷிங்டன் போயிற்று. மலையாளத்துக்காரர் ஒருவர் கொண்டுவந்த சொல்லை வல்லரசு மதிக்கவில்லை. சில வாரங்களில் சீனப் படை யாலு ஆற்றைக் கடந்தது. பிறகு மூன்றாண்டு இரத்தக்களரி!

1954இல் ஜெனீவா. அமெரிக்க வெளியுறவு அமைச்சர் டல்லஸ், சூ நீட்டிய கையைப் பற்ற மறுத்தார் என்பது உலகெங்கும் சொல்லப்பட்ட கதை. அங்கிருந்தவர்கள் சொல்வது ஆளுக்கொரு விதமாக இருக்கிறது. ஆனால் கதை நிலைத்துவிட்டது. இந்தோ சீனத்தில் போர் நின்றது. வியட்நாம் இரண்டாகப் பிரிந்தது. வென்றவர்கள் தாமே, பாதி நாட்டை ஏன் விடவேண்டும் என்று வியட்நாமியர் மனம் புழுங்கினர். சூ அவர்களை இணங்கவைத்தார். சீனத்துக்கு அமைதி தேவைப்பட்டது. விலை கொடுத்தது வியட்நாம்.

1955 ஏப்ரலில் பாண்டுங். போகும் வழியிலேயே எமன். ஹாங்காங்கிலிருந்து புறப்பட்ட காஷ்மீர் இளவரசி என்ற ஏர் இந்தியா விமானத்தில் வெடிகுண்டு. பதினாறு பேர் கடலில் மாண்டனர், மூவர் பிழைத்தனர். சூ அந்த விமானத்தில் ஏறவில்லை. வேறு வழியாகப் போய்ச் சேர்ந்தார். இருபத்தொன்பது நாடுகள் கூடியிருந்தன. பாதிப் பேர் அமெரிக்காவின் நண்பர்கள். சீனம் என்றாலே அச்சம். இலங்கைப் பிரதமர் சர் ஜான் கொத்தலாவல எழுந்து, ருசியாவின் பிடியிலுள்ள நாடுகளும் அடிமை நாடுகளே என்று குண்டு வீசினார். நேருவுக்கே முகம் சிவந்தது. சூவும் அதிர்ந்தார். ஆனால் மாநாட்டை உடைத்துக்கொண்டு எழவில்லை. எழுதி வைத்திருந்த உரையைப் படிக்கக் கொடுத்துவிட்டு, வேறு பேச்சுப் பேசினார். சண்டை போட வரவில்லை, ஒத்த இடம் தேடி வந்திருக்கிறோம் என்பது அதன் சாரம். கடவுள் மறுப்பாளர்களான நாங்கள், மதம் உள்ளவர்களை மதிக்கிறோம் என்றார். அவையின் முகம் மாறியது. பேச்சை மட்டும் நம்பியவரும் அல்லர். இலங்கைக்கும் சீனத்துக்கும் அப்போது தூதுறவு இல்லை. ஆயினும் 1952இலேயே அரிசி கொடுத்து ரப்பர் வாங்கும் ஒப்பந்தம் செய்தவர்கள் அவர்கள். அரசியல் ஒத்துவராதபோது அரிசி ஒத்துவந்தது!

1956 டிசம்பரில் நம் சென்னைக்கும் வந்தார். பெரம்பூரில் ஓராண்டுக்கு முன் திறந்த ரயில் பெட்டித் தொழிற்சாலையைச் சுற்றிப் பார்த்தார். மாமல்லபுரத்துச் சிற்பங்களைக் கண்டார். இந்தியரும் சீனரும் உடன்பிறந்தார் என்று வடநாட்டார் முழங்கிக்கொண்டிருந்த காலம் அது.

வெளியே இவ்வளவு ஒளி! வீட்டுக்குள்ளே?

அதே 1956இல் சூ தம் வாழ்நாளில் அரிதாகச் செய்த ஒன்றைச் செய்தார். மாவோவின் வேகத்துக்குத் தடை போட்டார். இவ்வளவு எஃகு, இவ்வளவு தானியம் என்று தாளில் எழுதுகிற எண்கள், வயலிலும் உலையிலும் விளையா என்று கணக்குக் காட்டினார். கணக்குச் சரி. ஆனால் கணக்குக் கேட்டவர் யார்? 1958 தொடக்கத்தில் மாவோ திருப்பியடித்தார். வலதுசாரிகளுக்கும் உமக்கும் இடையே கொஞ்ச தூரமே என்றார். அந்தச் சொல்லின் பொருள் சூவுக்குத் தெரியும். பல இலட்சம் படித்தவர்கள் அந்தப் பட்டம் சூட்டப்பட்டு வீழ்ந்த ஆண்டு அதற்கு முந்தையது. இராப் பகலாய் உட்கார்ந்து தன் தவற்றை எழுதினார். பேரவைக்கு முன் படித்தார். வெளியுறவு அமைச்சுப் பொறுப்பு போயிற்று. பிரதமர் பதவியிலிருந்தும் விலகிக்கொள்ளவா என்று கேட்டார். இருக்கட்டும் என்று விட்டுவைத்தனர்.

பிரேக்கைப் பிடிப்பவன் வாயை அடைத்தாயிற்று. வண்டி பறந்தது! ஊர்தோறும் கொல்லைப்புறத்தில் இரும்பு உலை. சட்டி பானையை உருக்கினர், கொழுவை உருக்கினர், கதவுத் தாழ்ப்பாளை உருக்கினர். கிடைத்தது எஃகல்ல, உதவாத இரும்புக் கட்டி! அறுக்க ஆளின்றிக் கதிர் வயலிலேயே கெட்டது. மேலிடத்துக்குப் பயந்து விளைச்சலைப் பத்து மடங்காகக் காட்டினர். காட்டிய விளைச்சலுக்கு வரி தானியம் பறித்தனர். உழுதவன் பட்டினி கிடந்தான். 1959 முதல் 1961 வரை மாண்டவர் தொகையை ஒன்றரைக் கோடி என்பாரும் உண்டு, நான்கரைக் கோடி என்பாரும் உண்டு. குறைந்த தொகையையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றரைக் கோடிப் பிணங்கள்!

ஒருவர் பேசினார். 1959 சூலையில் லூஷான் மலையில் தலைவர்கள் கூடினர். பாதுகாப்பு அமைச்சர் பெங் தெஹுவாய், ஏழை உழவன் வீட்டுப் பிள்ளை, கொரியப் போரை நடத்திய தளபதி. நாட்டில் கண்டதைக் கடிதமாக எழுதி மாவோவிடம் கொடுத்தார். சதி என்று முத்திரை குத்தினர். பதவி பறித்தனர். பெங் சொன்னது உண்மை என்பது சூவுக்குத் தெரியாதா? மூன்றாண்டுக்கு முன் அதையே சொன்னவராயிற்றே! ஆனால் லூஷானில் பெங்குக்கு எதிரான வரிசையில்தான் சூவும் நின்றார். பின்னாளில் பெங் தெருவில் இழுத்துவரப்பட்டு அடியுண்டு, 1974 நவம்பரில் காவலிலேயே மாண்டார்.

இங்கேதான் இரண்டு கணக்கும் ஒன்று சேருவதைப் பார்க்கவேண்டும். உள்ளே குனிந்தவர் வெளியே எப்படி நிமிர்வார்? 1960 ஏப்ரலில் டில்லிக்கு வந்தார். கிழக்கில் நீங்கள், மேற்கில் நாங்கள் என்று எல்லையைப் பேசி முடிக்கும் எண்ணத்தோடு வந்ததாகவே தெரிகிறது. அதே ஆண்டு பர்மாவோடும், மறு ஆண்டு நேபாளத்தோடும் எல்லை முடிந்தது. டில்லியில் முடியவில்லை. ஆறு நாள் பேச்சு வீண். நேருவுக்குப் பின்னே கொதித்த நாடாளுமன்றம்; சூவுக்குப் பின்னே மாவோ. விட்டுக்கொடுத்துப் பேசும் அதிகாரம் இருவருக்கும் இல்லை. 1962 அக்டோபர் 20 அன்று சீனப் படை இறங்கியது. நவம்பர் 21இல் தானே போரை நிறுத்திக்கொண்டது. மலையில் மாண்ட நம் வீரர்களின் வீடுகளில் எழுந்த ஓலம் நிற்கவில்லை. பஞ்சசீலம் எழுதிய அதே கரம் என்று இந்தியா சூவை ஏசியது. ஏசியதில் தவறு காண என்னால் ஆகாது.

1966இல் கலாசாரப் புரட்சி என்ற புயல். பள்ளிப் பிள்ளைகள் ஆசிரியரை அடித்தனர், கோயிலை இடித்தனர், குடியரசுத் தலைவர் லியூ ஷாவ்சியையே வீட்டு முற்றத்தில் நிறுத்தி அவமதித்தனர். சூ என்ன செய்தார்? இரண்டும் செய்தார்.

பேரரசர் அரண்மனையின் கதவுகளை மூடச்செய்து இடிக்க வந்தவர்களைத் தடுத்தார். இன்னார் இன்னாரைத் தொடக்கூடாது என்று பட்டியல் எழுதிச் சிலர் உயிரைக் காத்தார். ரயில் ஓடவும் சோறு கிடைக்கவும் கண்விழித்துப் பாடுபட்டார். அவர் இல்லாவிட்டால் இன்னும் கோடிப் பேர் செத்திருப்பர் என்று சொல்வோர் உண்டு.

அதே கரம் கைது ஆணைகளிலும் கையெழுத்திட்டது. சொந்தத் தம்பி சூ என்ஷோ 1968இல் சிறைப்பட்டார்; ஆணைக்கு ஒப்புதல் அண்ணனுடையது. வளர்ப்பு மகள், நாடக இயக்குநர் சுன் வெய்ஷி, அதே ஆண்டு சிறையில் இறந்தார். அந்தக் கைதிலும் அவர் கையெழுத்து இருந்தது என்றே அவர் வரலாற்றை ஆராய்ந்தவர்கள் எழுதுகின்றனர். அதே ஆண்டு அக்டோபரில் மத்தியக் குழு கூடி, லியூ ஷாவ்சியைத் துரோகி என்று கட்சியை விட்டு விலக்கியது. எல்லாக் கைகளும் உயர்ந்தன. நாற்பதாண்டு நண்பனுக்கு எதிராகச் சூவின் கையும் உயர்ந்தது.

உயராத கை ஒன்று இருந்தது! சென் ஷாவ்மின் என்ற மூதாட்டி. ஏழை வீட்டில் பிறந்து சிங்தாவ் பஞ்சாலையில் கூலி வேலை செய்தவர். பின்னாளில் நெசவுத் தொழிலாளர் சங்கத்தின் தலைவர். மேசைமேல் சாய்ந்து கிடந்தார், கையைத் தூக்கவில்லை. ஏன் என்று கேட்டபோது, அது என் உரிமை என்று சொல்லிவிட்டார். அதன் பின் அவரை நாட்டுப்புறத்துக்கு அனுப்பி வதைத்தனர். உலகம் சூவின் பெயரை அறியும். இந்த ஆலைத் தொழிலாளியின் பெயரை எத்தனை பேர் அறிவர்?

லியூ 1969 நவம்பர் 12 அன்று கைஃபெங் ஊரில் மருந்தின்றி இறந்தார். பொய்ப் பெயரில் எரித்தனர். தொழில் என்ற இடத்தில், தொழில் இல்லாதவர் என்று எழுதினர். நாட்டின் குடியரசுத் தலைவர்!

அடுத்தவர் லின் பியாவோ. மாவோவின் வாரிசு என்று கட்சிச் சட்டத்திலேயே 1969இல் எழுதி வைக்கப்பட்டவர். 1971 செப்டம்பர் 13 அன்று தப்பியோடிய விமானம் மங்கோலியாவில் விழுந்து மாண்டார். இரண்டாம் நாற்காலி இப்போது காலி. சூ அதன் அருகே நின்றார். அஞ்சி அஞ்சி நின்றார்.

அந்த அச்சத்தின் நடுவேதான் அவருடைய மிகப் பெரிய வெற்றி. ருசியாவோடு எல்லையில் துப்பாக்கிச் சண்டை நடந்தது 1969இல். இரண்டு வல்லரசையும் ஒருங்கே பகைக்க முடியாது என்று மாவோ முடிவு கட்டினார். முடிவைச் செயலாக்கும் வித்தை சூவினுடையது. 1971 ஏப்ரலில் அமெரிக்க மேசைப்பந்து ஆட்டக்காரர்களுக்கு அழைப்பு. சூலையில் பாக்கிஸ்தான் வழியாக இரகசியமாய் வந்தார் கிஸ்ஸிங்கர். அக்டோபரில் ஐ.நா. இருக்கை. 1972 பிப்ரவரி 21 அன்று நிக்சன் விமானத்திலிருந்து இறங்கியபோது கையை முதலில் நீட்டினார்; டல்லஸ் கதை அவர் நினைவிலிருந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் ஜப்பானோடும் உறவு. பதினேழு மாதத்தில் உலகத்தின் அச்சையே திருப்பிவிட்டார்கள். ஆனால் அதே 1971இல் வங்க மக்கள் செத்துக்கொண்டிருந்தபோது, பாக்கிஸ்தான் இராணுவத்தின் பக்கம் நின்றது சீனம். கிஸ்ஸிங்கருக்குத் திறந்த கதவுக்கு அதுவும் ஒரு விலை.

வெற்றிக்குப் பரிசு என்ன? உலக ஏடுகளெல்லாம் சூவைப் புகழ்ந்தன. அதுவே குற்றமாயிற்று! 1973 இறுதியில் கிஸ்ஸிங்கரோடு பேசியதில் விட்டுக்கொடுத்துவிட்டார் என்று பழி சுமத்தி, மேல்மட்டக் குழு நாள் கணக்கில் கூடி வைதது. அடுத்த ஆண்டு, கன்பூசியசைக் கண்டிப்போம் என்ற பெயரில் இயக்கம். இரண்டாயிரத்து ஐந்நூறு ஆண்டுக்கு முன் செத்தவரை ஏன் அடிக்கிறார்கள் என்று அயலார் வியந்தனர். அடி யார் மீது விழுகிறது என்பது சீனத்தில் டீ ஆற்றுபவனுக்கும் தெரியும்.

1972 மே மாதத்திலேயே புற்றுநோய் கண்டுபிடிக்கப்பட்டது. உடனே அறுக்க வேண்டியது. அறுத்ததோ 1974 சூனில். பிரதமரின் உடலில் கத்தி வைக்கவும் மாவோவின் அனுமதி வேண்டியிருந்தது. தாமதம் அங்கேதான் என்று எழுதுகின்றனர். இடைக்காலத்தில் இரத்தம் போய்க்கொண்டே இருந்தது. கோப்புகளும் வந்துகொண்டே இருந்தன.

இப்போது காகிதத்துக்கு வருவோம்.

1932 பிப்ரவரியில் ஷாங்காய் ஏடுகளில் ஓர் அறிவிப்பு வந்தது. ஊ ஹாவ் உள்ளிட்ட 243 பேர் பொதுவுடைமைக் கட்சியை விட்டு விலகுகிறோம் என்று! எதிரியின் உளவுத் துறை கட்டிய பொய். அறிவிப்பு வந்தபோது சூ ஷாங்காயிலேயே இல்லை. இரண்டு மாதம் முன்னரே மலைக்குப் போய்விட்டார். மாவோவுக்கு அது தெரியும். ஆனால் 1967இல் மாணவர் சிலர் பழைய ஏட்டைத் தோண்டி எடுத்தனர். மாவோவின் மனைவி சியாங் சிங் கைக்குக் கிடைத்தது. துரோகி என்ற சொல்தானே லியூவைக் கொன்றது? அன்று முதல் அந்தத் துண்டு அறிவிப்பு சூவின் தலைக்கு மேல் தொங்கியது. 1972இல் கூட்டத்தில் நின்று விளக்கிப் பேசினார். அந்த விளக்கத்தின் எழுத்துப் படியைத்தான் அறுவைக் கூடத்தின் வாசலில் கேட்டு வாங்கிக் கையெழுத்திட்டார். தாம் செத்த பிறகு தம்மையும் லியூ ஆக்குவார்கள் என்ற அச்சம்! இருபத்தொரு வயதில் விளையாட்டாய் எடுத்த சீட்டு, எழுபத்தேழு வயதில் எமனோடு வந்து நின்றது.

அவருடைய அமைச்சரவையில் துணைப் பிரதமராக இருந்த சி சோங்சுன் என்பவர், 1962இல் ஒரு நாவலின் பெயரால் பழி சுமத்தப்பட்டு, பதினாறு ஆண்டு ஒடுங்கிக் கிடந்தார். அவர் மகன் பதினைந்து வயதில் கிராமத்துக்கு அனுப்பப்பட்டுக் குகை வீட்டில் படுத்து வளர்ந்தான். அந்த மகன்தான் 2012இல் கட்சித் தலைமை ஏற்ற ஷி ஜின்பிங். தனி ஒருவர் ஆட்சி மீண்டும் வராதிருக்க, 1982இல் குடியரசுத் தலைவருக்கு இரண்டு தவணை என்று வரம்பு கட்டினர். 2018 மார்ச்சில் அவர் காலத்திலேயே அந்த வரம்பு நீக்கப்பட்டது. 2019 அக்டோபரில் அவரும் மாமல்லபுரம் வந்து, சூ பார்த்த சிற்பங்களைப் பார்த்தார். என்ன நினைத்திருப்பார் என்று கேட்க எனக்கு ஆசை. கேட்கிற வழி நமக்கேது!

1976 சனவரி 8 காலையில் சூ இறந்தார். நினைவுக் கூட்டத்துக்கு மாவோ வரவில்லை. அவரும் படுக்கையில் கிடந்தார். துக்கம் கொண்டாட வேண்டாம் என்று மேலிடத்தில் கட்டுப்பாடு. ஆயினும் உறைபனியில் பத்து இலட்சம் பேர் வீதியின் இருமருங்கும் நின்று, சவ வண்டி போவதைப் பார்த்து அழுதனர். ஏப்ரலில், முன்னோருக்கு மலர் வைக்கும் நாளில், தியனன்மென் சதுக்கத்தில் மாலைகள் மலைபோல் குவிந்தன. இரவோடு இரவாக அவற்றை அகற்றினர். மறுநாள் ஏப்ரல் 5, மக்கள் கொதித்தெழுந்தனர், தடியடி, கைது. பழியைத் தெங் சியாவோபிங் மீது போட்டுப் பதவி பறித்தனர். செப்டம்பரில் மாவோ மறைந்தார். ஒரு மாதத்துக்குள் சியாங் சிங் சிறையில்.

அந்தக் கூட்டம் யாருக்காக அழுதது? கையெழுத்திட்டவருக்காகவா, காத்தவருக்காகவா? காக்கவேண்டுமானால் நாற்காலியில் இருக்கவேண்டும். இருக்கவேண்டுமானால் கையெழுத்திடவேண்டும் என்பது சூவின் கணக்கு. பெங்கின் கணக்கு வேறு. பஞ்சாலைக்காரி சென் ஷாவ்மினின் கணக்கும் வேறு. பல நாள் இதை எண்ணியிருக்கிறேன். சூ இல்லாத சீனம் இன்னும் கொடியதாக இருந்திருக்கும் என்பதை மறுக்க எனக்குத் துணிவில்லை. லூஷானில் பெங்கோடு சூவும் எழுந்து நின்றிருந்தால், பட்டினியால் செத்தவர்களில் எத்தனை கோடி பிழைத்திருக்கும் என்ற கேள்வியை விடவும் மனமில்லை.

அவருக்குக் கல்லறை கிடையாது. அவர் விருப்பப்படி சாம்பலை விமானத்திலிருந்து தூவினர். தெங் யிங்சாவ் பதினாறு ஆண்டு கழித்து, 1992இல் இறந்தார். கணவரின் சாம்பலை வைத்த அதே பேழையில் மனைவியின் சாம்பலையும் வைத்துக் கொண்டுபோய், தியன்சின் நகரத்து ஹாய் ஆற்றில் கரைத்தனர். ஒன்றாம் எண்ணும் ஐந்தாம் எண்ணும் சீட்டெடுத்த ஊர் அது.